மூதாதையரின் உடலாகிய வீடு: மாவோரி மரச்சிற்பக் கலையும் அதன் பண்பாட்டுப் பொருளும்

நியூசிலாந்தின் தொல்குடியினராகிய மாவோரி மக்களின் மொழியில் ‘கலை’ என்னும் பொதுச்சொல்லுக்கு நேரான பழஞ்சொல் ஒன்றைச் சுட்டுவது எளிதன்று. செதுக்குதலைக் குறிக்க ‘ஃபகாயிரோ’ என்னும் சொல் உண்டு. கைத்திறனைக் குறித்த ‘தோய்’ என்னும் சொல் இக்காலத்தில் கலை என்னும் பொருளில் பரவலாக வழங்குகிறது. எனினும் மரபுவழிப் படைப்புகளைப் பற்றிப் பேசுங்கால் மாவோரி அறிஞர் பெரிதும் எடுத்தாளும் சொல் ‘தாவோங்கா’ என்பதாகும். போற்றிக் காத்து வழிவழியாகக் கையளிக்கப்படும் உடைமை என்று இதற்குப் பொருள் கூறலாம். செதுக்கிய தூணும் பச்சைக்கல் அணியும் இறகுப் போர்வையும் தாவோங்கா. மொழியும் நிலமும் ஆறும்கூடத் தாவோங்கா. 1840ஆம் ஆண்டில் ஆங்கில அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே ஏற்பட்ட வைத்தாங்கி உடன்படிக்கையின் மாவோரி மொழிப் பாடத்தில் இச்சொல் இடம்பெற்றிருப்பது பிற்காலத்தில் பெரும் விளைவுகளுக்குக் காரணமாயிற்று.

ஒரு செதுக்குப் பலகையைக் ‘கலைப்பொருள்’ என்று கொள்வதற்கும் ‘தாவோங்கா’ என்று கொள்வதற்கும் இடையிலுள்ள வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. அப்பலகை எங்கே நிற்க வேண்டும், எத்திசை நோக்கி நிற்க வேண்டும், அதன்முன் யார் பேசலாம், அதனை எடுத்துச்செல்ல யாருக்கு உரிமை உண்டு என்பனவெல்லாம் அவ்வேறுபாட்டைச் சார்ந்தே அமைகின்றன. மாவோரி மரச்சிற்பத்தின் பண்பாட்டுப் பொருளை, அது தன் இடத்தைவிட்டு அகற்றப்பட்ட வரலாற்றோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீடும் உடலும்

மாவோரிச் செதுக்குக்கலை தன் முழு வடிவத்தில் வெளிப்படும் இடம் ‘ஃபரே ஃபகாயிரோ’ எனப்படும் செதுக்கு வீடு. இது குடும்பம் குடியிருக்கும் இல்லமன்று. ஓர் இனக்குழு கூடுவதற்குரிய பொது மன்றமாகும். அதன் முன்னுள்ள வெளி ‘மராயே’ எனப்படும். விருந்தினரை வரவேற்பதும், இறந்தோரைக் கிடத்தி அழுவதும், வழக்குகளைப் பேசித் தீர்ப்பதும் இங்கேதான்.

இவ்வீடு பெரும்பாலும் ஒரு மூதாதையின் பெயரைத் தாங்கியிருக்கும். பெயரை மட்டுமன்று, உடலையும் தாங்கியிருக்கும் என்பதே மாவோரியர் கொள்கை. கூரையின் முகப்பு உச்சியில் அம்மூதாதையின் முகம் அமைந்திருக்கும். அங்கிருந்து இருபுறமும் சரிந்திறங்கும் முகப்புப் பலகைகள் அவருடைய கைகள். அவற்றின் முனைகளில் பிளவுபடச் செதுக்கப்பட்டவை விரல்கள். உள்ளே நெடுக ஓடும் முகட்டுவளை முதுகெலும்பாகும்; அதிலிருந்து இறங்கும் கைமரங்கள் விலா எலும்புகளாகும். நடுவில் முகட்டைத் தாங்கும் தூணின் பெயரிலேயே ‘நெஞ்சு’ என்னும் பொருள் தரும் ‘மனவா’ என்ற சொல் அமைந்துள்ளது. வாயிலுக்கு வாய் என்றும் சாளரத்துக்குக் கண் என்றும் பொருள்படும் சொற்கள் வழங்குகின்றன. வீட்டினுள் நுழைபவர் மூதாதையின் மார்புக்குள் நுழைகிறார் என்பது இதனால் பெறப்படும்.

உட்சுவர்களில் வரிசையாக நிற்கும் ‘போபோ’ எனப்படும் அகன்ற தூண்பலகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முன்னோரைக் குறிக்கும். பெருத்த தலை, நீட்டிய நாக்கு, பாவுவாச் சிப்பி பதித்த கண்கள், பெரும்பாலும் மூன்று விரல்களே கொண்ட கைகள், தோளிலும் தொடையிலும் சுழலும் சுருள்கள் ஆகியவற்றால் அமைந்த இவ்வுருவங்களைக் கண்ட தொடக்ககால ஐரோப்பியர் சிலர் இவற்றை அச்சுறுத்தும் தெய்வப் படிமங்கள் என்று பிறழக் கொண்டனர். இவை வழிபாட்டுக்குரிய தெய்வங்களல்ல. பெயர் சொல்லி அழைக்கத்தக்க பாட்டன்மாரும் பாட்டிமாரும் ஆவர். முகச்சாயல் காட்டுவது சிற்பியின் குறிக்கோளாக இருந்ததில்லை. கையிலுள்ள கருவி, உடன் செதுக்கப்பட்ட விலங்கு, கதையில் வரும் ஏதேனுமொரு பொருள் ஆகியவற்றைக் கொண்டே இன்னார் என்று அறிதல் வேண்டும். அவ்வாறு அறிவதற்குக் கதை தெரிந்திருக்க வேண்டும். கதையறிந்தோர் இல்லாத இடத்தில் அத்தூண் ஊமையாகிவிடும்.

தூண்களுக்கு இடைப்பட்ட சுவர்ப்பகுதிகளில் ‘துக்குத்துக்கு’ எனப்படும் பின்னல் தட்டிகள் இடம்பெறும். இவை மரபாகப் பெண்கள் கைப்பட அமைவன. கைமரங்களில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு வண்ணங்களில் ‘கோஃபைஃபை’ என்னும் சுருளோவியங்கள் தீட்டப்படும். தலைமுறைத் தொடர்ச்சியைக் குறிக்கும் ‘ஃபகபாபா’ என்னும் குலவரிசையே இவ்வனைத்தையும் கட்டி நிறுத்தும் இலக்கணம் எனலாம். மராயேயில் பேச எழும் நாவலர் வீட்டை நோக்கி வணக்கம் கூறுவார், இறந்தோரை விளிப்பார், அதன்பின்னரே உயிரோடிருப்போரை நோக்கிப் பேசுவார். வீடு இங்கே கேட்போருள் ஒருவராக விளங்குகிறது.

பேசாத் தூண்கள்

செதுக்குக்கலை மனிதர் கண்டுபிடித்ததன்று, கடலடியிலிருந்து கொணரப்பட்டது என்று கிழக்குக் கடற்கரை மக்களின் தொன்மம் கூறும். ருவாதேபுப்புக்கே என்பவனின் மகனைக் கடல் தெய்வமாகிய தாங்காரோவா கவர்ந்து சென்று, தன் கடலடி வீட்டின் கூரையுச்சியில் உருவமாக நிறுத்திவிட்டது. மகனைத் தேடிச் சென்ற தந்தை அவ்வீட்டினுள் இருந்த செதுக்குத் தூண்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைக் கேட்டான். வீட்டுக்குத் தீயிட்டு மகனை மீட்ட அவன், வெளிப்புறத்துத் தூண்கள் சிலவற்றை மட்டுமே உடன் கொண்டுவந்தான். உள்ளே நின்றவை பேசும் தூண்கள். வெளியே நின்றவை பேசாத் தூண்கள். மனிதர் செதுக்கும் தூண்கள் பேசாதிருப்பதற்கு இதுவே காரணம் என்பது கதை. தூண் பேசாதாயின் அதற்காக மனிதர் பேச வேண்டும் என்னும் கடப்பாடு இக்கதையினுள் பொதிந்துள்ளமை நோக்கத்தக்கது.

செதுக்கும் தொழில் ‘தபு’ எனப்படும் விலக்குக்கு உட்பட்டிருந்தது. சிற்பி ‘தோஹுங்கா’ எனப்பட்டார். பூசகர், மருத்துவர் ஆகியோருக்கும் உரிய சிறப்புப் பெயர் அது. செதுக்கும்போது உதிரும் சில்லுகளை வாயால் ஊதி அகற்றுதல் கூடாது. அச்சில்லுகளைச் சமையல் தீக்கு விறகாக்குதலும் கூடாது. சமைத்த உணவு தபுவை நீக்கிப் பொருள்களை இயல்புநிலைக்குக் கொணரும் ஆற்றலுடையது என்னும் நம்பிக்கையே இவ்விலக்குக்கு அடிப்படையாகும்.

மரபின் காலம்

இத்தகைய கலையைக் காலங்கடந்த, மாறாத மரபு என்று எழுதிவிடும் வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. கிழக்குப் பொலினீசியத் தீவுகளிலிருந்து மாவோரியரின் முன்னோர் நியூசிலாந்தில் வந்து குடியேறியது ஏறத்தாழக் கி.பி. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆகும். 1920இல் வடபுலத்துக் கைத்தாயாப் பகுதியின் சதுப்பு நிலத்திலிருந்து கிடைத்த செதுக்குக் கட்டை மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. நடுவில் ஓர் உருவமும் இருமுனைகளிலும் வெளிநோக்கிய விலங்குருவங்களும் கொண்ட அதன் அமைப்பு பிற்கால மாவோரிச் செதுக்கைக் காட்டிலும் கிழக்குப் பொலினீசியச் சாயலையே மிகுதியும் காட்டுகிறது. சுருள்கள் நிறைந்த பாணி இம்மண்ணிலேயே பின்னர் வளர்ந்ததாகும்.

1769இல் கேப்டன் குக்கின் கப்பல் வந்தபோது ஐரோப்பியரை வியப்பில் ஆழ்த்தியவை பெரும் போர்ப்படகுகளின் முன்னணியமும் பின்னணியமும் ஆகும். பச்சைக்கல்லாலும் கருங்கல்லாலும் ஆன வாய்ச்சிகளையும் உளிகளையும் கொண்டு அவை செதுக்கப்பட்டிருந்தன. படகுகளும், உயரத்தில் அமைந்த உணவுக் களஞ்சியங்களுமே அக்காலத்தில் ஒரு குழுவின் பெருமையைப் பறைசாற்றின. 19ஆம் நூற்றாண்டில் போர்ப்படகுகளின் பயன் குறைந்தது, இரும்புக் கருவிகள் பெருகின, கிறித்தவம் பரவியது, நிலம் கைமாறத் தொடங்கியது. மக்கள் திரளாகக் கூடி நிலத்தைப் பற்றியும் அரசைப் பற்றியும் பேசவேண்டிய தேவை எழுந்தது. படகுக்கும் களஞ்சியத்துக்கும் உரிய செதுக்குத்திறன் மன்ற வீட்டை நோக்கித் திரும்பியது இச்சூழலில்தான். ‘தொன்மையான’ மாவோரி வீடு என்று அருங்காட்சியகங்கள் காட்டிய வடிவம், காலனிய நெருக்கடிக்கு மாவோரியர் அளித்த மறுமொழியாகவே முழுமை பெற்றது எனல் தகும். இதனால் அதன் மரபுத்தன்மை குறைவுபடுவதில்லை.

இவ்வளர்ச்சியின் உச்சத்தில் வைத்து எண்ணத்தக்கது ‘தே ஹவு கி தூரங்கா’ என்னும் வீடு. வடதீவின் கிழக்குக் கரையில், இன்றைய கிஸ்பர்ன் நகரை அடுத்த பகுதியில், ரோங்கோஃபகாத்தா இனக்குழுவைச் சேர்ந்த ரஹருஹி ருக்குப்போ என்னும் தலைவர் 1840களின் தொடக்கத்தில் தம் குழுவினருடன் இதனை உருவாக்கினார். மறைந்த தம் உடன்பிறந்தாரின் நினைவாக எழுப்பப்பட்ட இவ்வீட்டில் அவர் தம் உருவத்தையும் செதுக்கி வைத்தார். அவ்வுருவத்தின் முகத்தில் அவருக்கே உரிய பச்சைக்கோலம் துலங்குகிறது. மரபுவழி உருவங்களின் நடுவே ஒரு தனிமனிதரின் முகம் தோன்றுவது புதுமையேயாகும். இரும்பு உளி தந்த நுண்மையை மரபின் இலக்கணம் சிதையாமல் பயன்கொண்ட திறத்துக்கு இவ்வீட்டைக் காட்டிலும் சிறந்த சான்று காண்பது அரிது. வீட்டின் பெயரிலுள்ள ‘ஹவு’ என்னும் சொல் காற்று, உயிர்ப்பு என்னும் இருபொருளும் தருவது. மார்செல் மோஸ் 1925இல் கொடை பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வில், கொடுக்கப்பட்ட பொருளின் ஹவு தன் பிறப்பிடத்துக்கே திரும்ப விழையும் என்று வாதிட்டதும் இச்சொல்லைக் கொண்டே என்பது இவ்வீட்டின் பிற்கால வரலாற்றை அறிவோர்க்குச் சுவை பயக்கும்.

அகற்றப்பட்ட வீடுகள்

1860களில் நிகழ்ந்த நிலப்போர்களின்போது கிழக்குக் கரையும் போர்க்களமாயிற்று. 1865இல் வைரெங்கா-ஆ-ஹிக்கா முற்றுகை நிகழ்ந்தது. 1867இல் காலனிய அரசின் அமைச்சராகிய ரிச்மண்ட் என்பார் தே ஹவு கி தூரங்காவைப் பிரித்தெடுத்து வெலிங்டனிலிருந்த காலனிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லச் செய்தார். ருக்குப்போவும் பிறரும் அவ்வாண்டிலேயே நாடாளுமன்றத்துக்கு முறையீடு அனுப்பினர். தம் ஒப்புதலின்றி வீடு எடுக்கப்பட்டது என்பதே அவர்தம் முறையீடு. வீடு திரும்பவில்லை. 1873இல் ருக்குப்போ காலமானார். தாம் செதுக்கிய தம் முகம் வெலிங்டனில் இருக்க, ஊரில் அவர் இறந்தார். 1930களில் புதிய அருங்காட்சியகக் கட்டடத்துக்காக அவ்வீடு செப்பனிட்டு எழுப்பப்பட்டபோதும் அரங்கின் தேவையே முதன்மை பெற்றது.

‘மாத்தாத்துவா’ என்னும் வீட்டின் கதை இதனினும் வியப்புக்குரியது. ஃபகதானேப் பகுதியில் வாழும் ங்காத்தி ஆவா மக்களின் நிலங்கள் 1866இல் பறிமுதல் செய்யப்பட்டன. சிதறுண்ட குழுக்களை மீண்டும் ஒன்றிணைக்கும் நோக்குடன் அவர்கள் எழுப்பிய பெருவீடு 1875இல் திறக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில் அரசு அதனை 1879ஆம் ஆண்டு சிட்னிப் பன்னாட்டுக் கண்காட்சிக்கு அனுப்பியது. அங்கு அதனை எழுப்பியோர், உட்சுவர்ச் செதுக்குகள் பார்வையாளர் கண்ணில் படவேண்டும் என்பதற்காக, வீட்டை உட்புறம் வெளிப்புறமாக மாற்றி நிறுத்தினர். வீட்டின் நெஞ்சுக்குள் நின்று ஒருவரையொருவர் நோக்கியிருந்த முன்னோர், தெருவை நோக்கித் திருப்பப்பட்டனர். இதில் தீய எண்ணம் இருந்ததாகச் சான்றில்லை. செதுக்கு என்பது பார்க்கப்படுவதற்கே உரியது என்னும் நம்பிக்கை ஒன்றே இதற்குப் போதுமானதாக இருந்தது. மாவோரிக் கலை பற்றிய ஐரோப்பியப் பார்வையின் இயல்பை விளக்க இந்நிகழ்ச்சி ஒன்றே அமையும்.

அதன்பின் மெல்போர்ன், அங்கிருந்து இலண்டன். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கிடங்கில் நாற்பதாண்டு அளவில் அவ்வீடு பிரிந்து கிடந்தது. 1924ஆம் ஆண்டு வெம்பிளிப் பேரரசுக் கண்காட்சியில் மீண்டும் எழுந்தது. 1925இல் டுனீடின் கண்காட்சிக்காக நியூசிலாந்து திரும்பியது. ஆனால் திரும்பியது தென்தீவின் ஒட்டாகோ அருங்காட்சியகத்துக்கே அன்றி ஃபகதானேவுக்கு அன்று. அரங்கின் அளவுக்குப் பொருந்துமாறு அதன் பகுதிகள் வெட்டிக் குறைக்கப்பட்டன. அங்கு அது ஏறத்தாழ எழுபதாண்டுகள் நின்றது.

முகமும் கையெழுத்தும்

மரத்தில் செதுக்கும் அதே சுருள்கள் மனித முகத்திலும் செதுக்கப்பட்டன. ‘தா மோக்கோ’ எனப்படும் இக்கலையை வெறும் பச்சைகுத்தல் என்று கூறுதல் பொருந்தாது. ஊசியால் குத்துவதற்கு மாறாக, எலும்பு உளியால் தோலில் வரிப்பள்ளம் எடுத்து மையூட்டுவது இதன் முறை. முகக்கோலம் அவரவர் குலத்தையும் தகுதியையும் காட்டுவது. ஒருவருடையது மற்றொருவருக்கு உரியதன்று. நிலப்பத்திரங்களிலும் வைத்தாங்கி உடன்படிக்கையிலும் தலைவர் சிலர் தம் முகக்கோலத்தின் ஒரு பகுதியை வரைந்தே ஒப்பமிட்டனர். 1826இல் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் தங்கியிருந்த தே பெஹி கூப்பே என்னும் தலைவர் கண்ணாடியின் துணையின்றித் தம் முகக்கோலம் முழுவதையும் நினைவிலிருந்தே தாளில் வரைந்தளித்தார். எழுத்தறியாதார் என்று எண்ணப்பட்ட ஒருவர் தம் பெயரை எழுதிக் காட்டிய செயலாகவே இதனைக் கொள்ளுதல் வேண்டும்.

முகக்கோலம் கொண்ட தலைகளை இறந்தபின் பதப்படுத்திக் காக்கும் வழக்கம் மாவோரியரிடம் இருந்தது. உறவினர் தலையாயின் அன்பின் பொருட்டும், பகைவர் தலையாயின் இகழ்ச்சியின் பொருட்டும் அது நிகழ்ந்தது. துப்பாக்கி வேண்டிய காலத்தில் இத்தலைகள் வணிகப் பொருளாயின. 1831இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் டார்லிங் இவ்வணிகத்தைத் தடைசெய்தார். எனினும் சேர்த்துவைக்கும் வேட்கை அடங்கவில்லை. படைத்தலைவர் ஹொராஷியோ ராப்ளி சேர்த்த தலைகளின் தொகுதியை நியூசிலாந்து அரசு வாங்க மறுத்தபின், அதன் பெரும்பகுதி நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை அடைந்தது. ஆடவர் முகக்கோலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அருகியது. பெண்களின் மோவாய்க்கோலம் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. 2020இல் மோவாய்க்கோலம் கொண்ட நனையா மஹுத்தா நியூசிலாந்தின் வெளியுறவு அமைச்சரானது பலரும் அறிந்ததே.

மீட்டெடுப்பும் அதன் எல்லையும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கறிந்த மூத்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினராயினர். ரோட்டோருவாப் பகுதியில் மட்டும் இக்கலை ஓரளவு தளராதிருந்தமைக்கு வெந்நீரூற்றுகளைக் காணவந்த சுற்றுலாப் பயணிகளே பெரிதும் காரணமாவர். தூய்மையை விரும்பும் ஆய்வாளர்க்கு இது உவப்பளிக்காது, உண்மை அதுவே. மாவோரித் தலைவரும் அமைச்சருமாகிய அப்பிரானா ங்காத்தாவின் முயற்சியால் 1926இல் சட்டம் இயற்றப்பட்டு, 1927இல் ரோட்டோருவாவில் கலைப்பள்ளி தொடங்கியது. உளியால் மட்டும் வேலைசெய்து பழகிய மாணவர்க்கு வாய்ச்சியின் வீச்சு தெரிந்திருக்கவில்லை. பைனே தையாப்பா என்னும் இளஞ்சிற்பி எராமிஹா காப்புவா என்னும் முதியவரைத் தேடிச் சென்று அதனைக் கற்றார். ஓர் ஆசானிடமிருந்து ஒரு மாணவனுக்குச் சென்ற அம்மெல்லிய இழையின்வழியே அந்நுட்பம் பள்ளியின் பிற மாணவர்க்கும் பரவியது. 1940இல் வைத்தாங்கியில் திறக்கப்பட்ட பெருமன்றம் இப்பள்ளி வழிவந்தோரின் ஆக்கமாகும். இப்பள்ளி வட்டாரப் பாணிகளின் பன்மையைச் சுருக்கி ஒரே இலக்கணத்தை நிலைநாட்டிவிட்டது என்னும் குறையும் பிற்கால ஆய்வாளரால் சுட்டப்பட்டது. தே கூத்தி என்னும் சமயத் தலைவருக்காக 1887இல் எழுப்பப்பட்ட ரோங்கோபாய் வீட்டின் செடிகொடிகளும் இயல்பான மனித உருவங்களும் கொண்ட ஓவியங்கள், நெடுங்காலம் உரிய மதிப்புப் பெறாமற்போனமைக்கு இவ்விலக்கணமும் ஒரு காரணம் எனலாம்.

1984 செப்டம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ‘தே மாவோரி’ என்னும் கண்காட்சி திறக்கப்பட்டது. அதில் 174 படைப்புகள் இடம்பெற்றன. அவற்றை அனுப்ப இசைவு தரவேண்டியோர் அருங்காட்சியகத்தார் மட்டுமல்லர், உரிய இனக்குழுவினரும் ஆவர் என்பது அப்போது நடைமுறையாயிற்று. ஃபங்கானுயி மக்கள் தம் முன்னோரை அனுப்ப மறுத்தனர், அம்மறுப்பு ஏற்கப்பட்டது. இக்கண்காட்சியின் சிறப்புகளுள் முதன்மையானது அம்மறுப்புக்குக் கிடைத்த மதிப்பே எனத் தோன்றுகிறது. வைகறை இருளில் மூத்தோர் அரங்கினுள் நுழைந்து சடங்கு செய்து முன்னோரை விளித்தனர். கண்ணாடிப் பெட்டிகளின் நடுவே மராயேயின் பேச்சு ஒலித்தது.

எனினும் இக்கண்காட்சியில் நெசவுப் படைப்புகள் இடம்பெறவில்லை. மரமும் கல்லும் எலும்பும் உயர்கலையாயின. பெண்கள் கைப்பட்ட நார் விலக்குண்டது. ஹரக்கேக்கே என்னும் வாளிலைச் செடியின் இலையைச் சிப்பியால் வழித்து நார் எடுத்து, தறியின்றி விரல்களாலேயே முறுக்கிப் பின்னி அமைக்கும் போர்வைகள், மாதக்கணக்கான உழைப்பை உட்கொண்டவை. இறப்புச் சடங்கில் உடல்மீதும், பெருமைக்குரிய வேளையில் தோள்மீதும் இடப்படும் அப்போர்வைகள் பெயரும் வரலாறும் உடையன. ராங்கிமாரியே ஹெத்தெத் என்னும் நெசவாளர் (1892–1995), குடும்பத்துக்குள் மட்டுமே கற்பிக்கும் வழக்கத்தை மீறி, 1951இல் தோன்றிய மாவோரிப் பெண்கள் நலச்சங்கத்தின் வழியே பிறர்க்கும் இக்கலையைக் கற்பித்தார். அத்துணிவு இல்லையேல் விலக்குவதற்குக்கூட நெசவு எஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

ஒரு மணி

தமிழாய்வாளர் நன்கறிந்த பொருளொன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் சமயப்பணியாளர் ஃபங்காரேய்ப் பகுதிக்கு அருகே மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் கலமாக வெண்கலப் பொருளொன்றைப் பயன்படுத்துவதைக் கண்டார். அது விளிம்புடைந்த ஒரு மணியின் மேற்பகுதி. முகையதீன் வக்குசு என்பாரின் கப்பல்மணி என்னும் பொருள்பட அதில் தமிழெழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்பது அவர்கள் கூறிய செய்தி. அம்மணி பின்னர் வெலிங்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்து, இன்று நாட்டு அருங்காட்சியகமாகிய தே பாப்பாவில் உள்ளது. பழந்தமிழர் நியூசிலாந்து கண்டனர் என்பதற்கு இதனைச் சான்றாக்குவோர் உளர். ஓர் இசுலாமியத் தமிழ் வணிகரின் கப்பல்மணி அத்தனை சுமையைத் தாங்காது. அது எவ்வாறு அங்குச் சென்றது என்பதைக் காட்டும் சான்று கிடைத்திலது. கப்பலில் ஓசையாகவும், மாவோரி அடுப்பில் கலமாகவும், அருங்காட்சியகத்தில் புதிராகவும் ஒரே பொருள் மூன்று வாழ்வு பெற்றது. தன் பொறிப்பை வாசிக்கத்தக்க மக்களைப் பிரிந்த பொருளுக்கு நேர்வதை அது நமக்கு அணுக்கமாக உணர்த்துகிறது.

திரும்பும் முன்னோர்

1975இல் அமைந்த வைத்தாங்கித் தீர்ப்பாயத்துக்கு 1840 முதலான முறையீடுகளையும் ஆராயும் அதிகாரம் 1985இல் வழங்கப்பட்டது. உடன்படிக்கையின் மாவோரிப் பாடத்திலிருந்த தாவோங்கா என்னும் சொல் அதன்பின் சட்ட வலிமை பெற்றது. ருக்குப்போவின் முறையீடு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின் மீண்டும் படிக்கப்பட்டது. தே ஹவு கி தூரங்காவை அரசு எடுத்துச்சென்றமை உடன்படிக்கைக்கு முரணானது என்று தீர்ப்பாயம் 2004இல் அறிக்கை அளித்தது. 2012ஆம் ஆண்டின் சட்டம் அவ்வீட்டின் உரிமை ரோங்கோஃபகாத்தா மக்களுக்கே உரியது என நிலைநாட்டியது.

தலைகளும் திரும்பின. 2003இல் தே பாப்பாவின் பொறுப்பில் தொடங்கிய திட்டத்தின்வழி உலகெங்குமுள்ள அருங்காட்சியகங்களோடு பேச்சு நடத்தப்பட்டது. பிரான்சின் ரூவான் நகரமன்றம் 2007இலேயே ஒரு தலையைத் திருப்பியளிக்க முடிவு செய்தும், அது நாட்டின் பிரிக்கவியலாக் கலைச்செல்வம் என்று கூறி அந்நாட்டு அரசு தடுத்தது. மனிதத் தலை கலைச்செல்வமா முன்னோரா என்னும் வினாவுக்கு விடையாக 2010இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 2011இல் அத்தலை திரும்பியது. 2014இல் ராப்ளி தொகுதித் தலைகள் நியூயார்க்கிலிருந்து வந்து சேர்ந்தன.

எல்லா வீடுகளும் ஊர் திரும்பின என்பதற்கில்லை. தொக்கோமாரு விரிகுடாவில் 1881இல் எழுப்பப்பட்டு, செதுக்குக்கலையைக் கடலடியிலிருந்து கொணர்ந்தவன் பெயரையே தாங்கிய ருவாதேபுப்புக்கே என்னும் வீடு, 1905இல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. ‘தே மாவோரி’ கண்காட்சி 1986இல் அந்நகரை அடைந்தபோது தொக்கோமாரு மக்கள் அவ்வீட்டைக் கண்டு உரையாடல் தொடங்கினர். அதனை அங்கேயே நிறுத்தி, ஆனால் உயிருள்ள மராயேவாக நடத்துவது என்று முடிவாயிற்று. தொக்கோமாருவின் கைவினைஞர் பங்கேற்க வீடு செப்பனிடப்பட்டு, 1993இல் மீண்டும் திறக்கப்பட்டது. திருப்பியளித்தலே ஒரே தீர்வு என்போர்க்கும், தரமாட்டோம் என்போர்க்கும் இந்நிகழ்வு சற்று இடர்ப்பாடு தருவதாகும்.

மாத்தாத்துவாவைத் திருப்பியளிக்கும் உடன்பாடு 1996இல் கையெழுத்தாயிற்று. நீண்ட அலைச்சலில் தேய்ந்தும் வெட்டுண்டும் போன பகுதிகளைச் செப்பனிடவும் இல்லாதவற்றைப் புதிதாகச் செதுக்கவும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஃபகதானேவில் அவ்வீடு மீண்டும் திறக்கப்பட்டது 2011 செப்டம்பரில் ஆகும். சிட்னியில் வெளிநோக்கித் திருப்பப்பட்ட முன்னோர் அங்கு உள்நோக்கி, ஒருவரையொருவர் பார்த்தவாறு நிற்கின்றனர்.